மீன் வயிற்றின் சாட்சியம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் குளிர்காலத்தில் காட் மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். முதல் மீன் சிக்கியதும் அனுபவப்பட்ட தூண்டில்காரர் அடுத்த வீச்சுக்கு அவசரப்படுவதில்லை. கத்தியை எடுத்து மீனின் அடிவயிற்றைக் கீறி, இரைப்பையைத் தனியே அறுத்தெடுத்துப் பிளந்து பார்ப்பார். உள்ளே நண்டு இருந்தால் தூண்டிலில் நண்டைக் கோர்ப்பார். புழு இருந்தால் புழு. விரல் நீள மீன்கள் கிடந்தால் இரையையும் மாற்றுவார், வீசும் தூரத்தையும் மாற்றுவார். அன்றைக்கு அந்தக் கரைக்கு மீன் எதைத் தேடி வந்தது என்பதை மீனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இது. கடலில் யாரை யார் தின்கிறார்கள் என்று இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு இதே வேலையைப் பெரிய அளவில் செய்ததால் வந்ததுதான்.

காட் மீனின் இரைப்பை தடித்த சுவருள்ள பை. கடலடியில் அசைவதெல்லாம் அதற்கு உணவு. அதன் பற்கள் பிடிப்பதற்குத்தான், மெல்லுவதற்கல்ல. அதனால் நண்டு முழுசாகவே உள்ளே போகிறது. காலை மடக்கிய நிலையில், நெருக்கியடித்துக்கொண்டு பல நண்டுகள் ஒரே வயிற்றில் கிடப்பதுண்டு. தொண்டைப் பக்கம் இருப்பது கடைசியாக விழுங்கியது. அதன் ஓட்டில் பச்சை நிறம் மாறியிருக்காது. அதற்கு அடுத்தது அமிலத்தில் ஊறிச் சிவப்பேறி, நகத்தால் அழுத்தினால் குழியும். இன்னும் உள்ளே போனால் பழுப்புக் கூழும், அதில் கரையாமல் தங்கிய கொடுக்கு நுனிகளும். இந்த வரிசையைப் பார்த்தே மீன் ஒரே மூச்சில் தின்றதா, விட்டுவிட்டுத் தின்றதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். சீலா மீனைக் கழுவும்போது உள்ளே முழு நெத்திலி வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கும் நம் கடற்கரை வீட்டுப் பெண்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

காற்று கரையை நோக்கி ஓங்கி வீசி ஓய்ந்த மறுநாள் பிடிபடும் காட் வயிற்றில் நீள்சிப்பிகளும் மணற்புழுக்களும் நிறைந்திருக்கும். புரண்டடித்த அலை கடலடி மணலைக் கிளறி அவற்றை வெளியே தள்ளியிருக்கும். மீன் அதற்காகவே கரையை ஒட்டி வந்திருக்கும். நண்டுகள் ஓடு கழற்றும் பருவத்தில் மெல்லுடல் நண்டுகளே அதிகம் அகப்படும். காலம், காற்று, நீரோட்டம், இரை ஆகிய நான்கையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் இந்த அறிவைப் புத்தகத்தில் படித்தவர்கள் குறைவு. கத்தியும் கையுமாகக் கற்றவர்களே அதிகம்.

அப்படிக் கற்றதை அறிவியலாக்கியவர் டானவன் கெல்லி. பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத ஆர்வலர் அவர். பிரிட்டிஷ் கரையோரத் தூண்டில்காரர்கள் உயிராகக் கருதும் கடல் பாஸ் என்ற மீனை, நம் கொடுவாயை நினைவூட்டும் வெள்ளிநிற வேட்டை மீனை, பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார். அவற்றுக்கு அடையாளச் சீட்டு கட்டி விட்டார், குஞ்சுகள் வளரும் முகத்துவாரங்களைத் தேடினார், வயிறுகளைப் பிளந்து குறிப்பெடுத்தார். பிரிட்டிஷ் கடல்களில் பாஸ் மீனின் உணவு குறித்த அவருடைய கட்டுரை 1987இல் பிரிட்டனின் கடல் உயிரியல் சங்க ஆய்விதழில் வெளிவந்தது. அதற்கு முன்பே 1972இல் அயர்லாந்தின் கென்னடி, ஃபிட்ஸ்மாரிஸ் இருவரும் அந்நாட்டுக் கடல்களில் அதே மீனின் வாழ்க்கையை விரிவாக எழுதியிருந்தார்கள். குட்டிப் பருவத்தில் முகத்துவாரத்துச் சிற்றிறால், வளர்ந்தபின் நண்டும் சிறு மீனும் என்று பாஸ் மீனின் சாப்பாட்டு வரலாறு இப்படித்தான் திரண்டது. பாஸ் குஞ்சுகள் வளரும் முகத்துவாரங்கள் பலவற்றில் 1990 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மீன்பிடிக் கட்டுப்பாடு வந்தது. அந்த இடங்கள் ஏன் முக்கியம் என்று காட்டியவர்களில் கெல்லி முன்வரிசையில் இருந்தார்.

ஆனால் ‘மீன் வயிற்றில் கிடைத்தது’ என்று சொன்னதும் உலகம் நினைப்பது நண்டை அல்ல, மோதிரத்தைத்தான். சாமோஸ் தீவின் பொலிகிரேட்டஸ் கடலில் எறிந்த மோதிரம் மீன் வயிற்றோடு அரண்மனைச் சமையலறைக்கே திரும்பிவந்த கதையை ஹெரோடோட்டஸ் சொல்கிறார். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தனின் மோதிரத்தை மீன் வயிற்றில் கண்டெடுத்த செம்படவனைக் காவலர்கள் திருடன் என்று கட்டி இழுத்துவருகிறார்கள். மத்தேயு சுவிசேஷத்தில் பேதுரு தூண்டிலில் பிடித்த மீனின் வாயில் வரிக்கான வெள்ளிக்காசு இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்தின் சின்னத்தில் இன்றும் மோதிரம் கவ்விய சால்மன் உண்டு. தொலைந்தது திரும்பும் என்ற ஆசைக்குக் கடலும் மீனும் வாகான இடம் கொடுத்திருக்கின்றன.

கதை என்று தள்ள முடியாதவையும் சில உண்டு. 1626 ஜூனில் கேம்பிரிட்ஜ் சந்தையில் ஒரு பெண் காட் மீனை வெட்டியபோது, பாய்த்துணியில் சுற்றிய சிறு புத்தகம் ஒன்று அதன் வயிற்றிலிருந்து வந்தது. கிறைஸ்ட்ஸ் கல்லூரியின் அறிஞர் ஜோசப் மீட் அதைக் கண்ணால் பார்த்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1533இல் மத நம்பிக்கைக்காக எரித்துக் கொல்லப்பட்ட ஜான் ஃபிரித் எழுதியது என்று அன்று நம்பப்பட்ட சமய நூல் அது. அடுத்த ஆண்டே ‘வாக்ஸ் பிஸிஸ்’ என்ற பெயரில் அதை மறுபதிப்புச் செய்தார்கள். மீனின் வழியாகக் கடவுள் எச்சரிக்கை அனுப்பிவிட்டார் என்று பலர் நடுங்கினார்கள்.

1799 ஆகஸ்டில் கரீபியன் கடலில் ‘நான்சி’ என்ற கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை பிடித்தது. எதிரி நாட்டுச் சரக்கு என்பதைக் காட்டும் காகிதங்களை அதன் தலைவர் முன்கூட்டியே கடலில் எறிந்துவிட்டுப் பொய்க் காகிதங்களை நீட்டினார். இரண்டொரு நாளில் ஹைட்டிக் கரைக்கு அப்பால் வேறொரு பிரிட்டிஷ் கப்பலில் இருந்த லெப்டினன்ட் ஃபிட்டன் ஒரு சுறாவைப் பிடித்து வெட்டினார். அசல் காகிதங்கள் அதன் வயிற்றில் இருந்தன. கிங்ஸ்டன் நீதிமன்றத்தில் வழக்கின் போக்கே மாறிவிட்டது. ஜமைக்காவில் அந்தக் காகிதங்களுக்கு இன்றும் சுறாக் காகிதங்கள் என்றுதான் பெயர். 1935 ஏப்ரலில் சிட்னியின் கூஜி மீன்காட்சியகத்தில், சில நாள் முன்பு பிடிபட்ட புலிச்சுறா பார்வையாளர்கள் கண்ணெதிரே ஒரு மனிதக் கையைக் கக்கியது. குத்துச்சண்டை வீரர்கள் இருவரைப் பச்சை குத்திய கை. சுறா கடித்து அறுத்ததல்ல, கத்தியால் வெட்டியது என்று மருத்துவர்கள் கண்டார்கள். கொலை விசாரணை நடந்தது. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

இவற்றையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த மீன்களின் வயிற்றில் வேறு என்ன இருந்தது? கேம்பிரிட்ஜ் காட் அதற்கு முன் எதைத் தின்றது, ஃபிட்டன் வெட்டிய சுறா எந்த மீன்கூட்டத்தைத் தொடர்ந்து அங்கே வந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. மோதிரமும் புத்தகமும் காகிதமும் மனிதரைப் பற்றிய சாட்சிகள். கடலைப் பற்றிய சாட்சி அவற்றுக்குப் பக்கத்தில் கூழாகக் கிடந்தது. அதைக் கழுவித் தள்ளிவிட்டார்கள்.

அந்தக் கூழுக்கு மதிப்பு வர 19ஆம் நூற்றாண்டு ஆனது. முதலில் மதித்தவர்கள் சிப்பி சேகரிப்பவர்கள். வலையும் வாரியும் எட்டாத ஆழத்துச் சிப்பிகளை ஹாடக் போன்ற மீன்கள் விழுங்கிக் கரைக்குக் கொண்டுவந்தன. மீன்சந்தைக் கழிவில் கைவிட்டுத் துழாவியவர்களுக்கு அரிய இனங்கள் கிடைத்தன. பிறகு மீன்பிடிப்பில் விளைச்சல் ஏன் ஏறி இறங்குகிறது என்று அரசுகள் கவலைப்படத் தொடங்கின. பிரிட்டனின் லோஸ்டாஃப்ட் துறைமுகத்திலிருந்து ‘ஹக்ஸ்லி’ என்ற ஆய்வுக் கப்பல் வடகடலில் பிடித்த மீன்களின் உணவை ஆர். ஏ. டாட் 1905இலும் 1907இலும் அறிக்கைகளாக வெளியிட்டார். அதே ஊரிலிருந்து 1924இல் அலிஸ்டர் ஹார்டி ஹெர்ரிங் மீனைப் பற்றி எழுதினார். குஞ்சாக இருக்கும்போது எதைத் தின்கிறது, வளர்ந்ததும் எதற்கு மாறுகிறது, அந்த இரை வேறு எதைத் தின்கிறது என்று கோடுகளால் இணைத்து அவர் வரைந்த படம், கடல் உணவு வலைக்குப் பாடநூல்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு நுண்ணோக்கியும், அதன் அடியில் ஒரு மீனின் வயிற்றுச் சரக்கும் இருந்தன.

எண்ணுவதிலேயே சிக்கல் இருந்தது. ஒரு வயிற்றில் 200 சிற்றிறாலும் ஒரு வைட்டிங் மீனும் இருந்தால் அந்த மீனின் முக்கிய உணவு எது? எண்ணிக்கையில் இறால், எடையில் வைட்டிங். 100 மீன்களில் எத்தனை வயிற்றில் இறால் இருந்தது என்று கேட்டால் மூன்றாவது விடை வரும். மூன்றும் உண்மை, மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. 1950இல் ஹைன்ஸ் என்ற ஆய்வாளர் இந்த முறைகளை ஒப்பிட்டு எழுதியதை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

இனி வருவதுதான் என் பார்வையில் இந்த விஷயத்தின் உயிர்நாடி. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, அதில் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்கிடுகிறவர்கள் மீன் குறைவதற்கு இரண்டு காரணங்களை வைப்பார்கள். ஒன்று, மனிதர் பிடிப்பது. அதைத் துறைமுகத்தில் எடை போட்டுவிடலாம். மற்றது இயற்கையாகச் சாவது. கடலுக்குள் சாகிற மீனை யாரும் பார்ப்பதில்லை, அதனால் ஓர் ஊகத்தை வைத்தார்கள். வடகடலில் காட், ஹாடக் போன்ற பல மீன்களுக்கும் அந்த எண் 0.2. ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 18 மீன் தானாகச் சாகும் என்று அதற்குப் பொருள். ஒரு வயதுக் குஞ்சுக்கும் ஐந்து வயது மீனுக்கும் அதே எண். அளந்து பார்த்து வந்த எண் அல்ல அது. கணக்கு நடக்க ஏதாவது ஓர் எண் வேண்டியிருந்தது.

1970களின் கடைசியில் டென்மார்க்கிலும் இங்கிலாந்திலும் சிலர், மீன்கள் ஒன்றையொன்று தின்பதையும் கணக்கில் சேர்க்கும் சூத்திரங்களை எழுதினார்கள். சூத்திரம் தயார், போடுவதற்குத் தரவு இல்லை. எந்த மீன், எந்த நீளத்தில், எந்தப் பருவத்தில், எந்த மீனின் எந்த வயதுக் குஞ்சை எவ்வளவு தின்கிறது என்று தெரிய வேண்டும். கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேசக் கடலாய்வு மன்றம் 1981ஆம் ஆண்டை வயிற்றின் ஆண்டு என்று அறிவித்தது. நெதர்லாந்தின் நீல்ஸ் டான் ஒருங்கிணைக்க, வடகடலைச் சுற்றியுள்ள நாடுகளின் கப்பல்கள் நான்கு பருவத்திலும் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து மீன் பிடித்தன. காட், ஹாடக், வைட்டிங், ஸெய்த், அயலை ஆகிய ஐந்து வேட்டை மீன்களின் இரைப்பைகளை நீளவாரியாகப் பிரித்துப் பதப்படுத்தி ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே மாதக்கணக்கில் மேசை மேசையாகப் பிளந்தார்கள். பாதி கரைந்த மீன் எது என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சதை முழுதும் கரைந்திருந்தால் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லைத் தேட வேண்டும். அரிசி மணிக்கும் சிறிய அந்தச் சுண்ணாம்புக் கல் இனத்துக்கு இனம் வடிவம் மாறும். அதன் அளவிலிருந்து மீனின் நீளமும் நீளத்திலிருந்து வயதும் கிடைக்கும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தபோது 0.2 நிற்கவில்லை. பெரிய மீன்களுக்கு அது பொருந்தலாம். குஞ்சுகளுக்கோ இயற்கைச் சாவு அதைப்போல் பல மடங்கு. சில இனங்களின் முதல் ஆண்டில் 1ஐத் தாண்டியது. அந்த எண் 1 என்றால் நூற்றுக்கு 63 மீன் ஆண்டு முடிவதற்குள் போய்விடும். போனவற்றில் பெரும்பகுதி நோயாலோ மூப்பாலோ சாகவில்லை, வேறு மீனின் வயிற்றுக்குள் போயின. காட் தன் இனத்துக் குஞ்சையே தின்கிறது. வைட்டிங், சந்தையில் அவ்வளவு விலைபோகாத மீன், குஞ்சுகளைத் தின்பதில் முன்னணியில் நின்றது. 1991இல் இரண்டாவது வயிற்றின் ஆண்டு நடந்தபோது இன்னும் பல இனங்களைச் சேர்த்தார்கள். மீனவர்கள் கண்டுகொள்ளாத சாம்பல் கர்னார்ட் என்ற கடலடி மீனின் வயிற்றில் காட் குஞ்சுகள் இருந்தன.

இதனால் வந்த கொள்கைச் சிக்கல் சின்னதல்ல. வலைக் கண்ணைப் பெரிதாக்கினால் சிறு மீன் தப்பும், தப்பியது வளரும், நாளை அதிகம் பிடிக்கலாம் என்பது ஓர் இன மீனை மட்டும் பார்க்கும் கணக்கு. பல இனக் கணக்கு அதை மறித்துக் கேட்டது: தப்பி வளர்ந்த காட் எதைத் தின்னும்? அடுத்த ஆண்டின் காட் குஞ்சையும் வைட்டிங் குஞ்சையும் ஹெர்ரிங்கையும்தானே. எதிர்பார்த்த லாபம் சுருங்கியது. சில இனங்களில் நட்டமாகவே தெரிந்தது. வலைக் கண்ணைச் சின்னதாக்கலாம் என்று இதற்குப் பொருளல்ல. ஒரு மீனைக் காப்பாற்றுவது என்றால் அதைத் தின்பவற்றையும் அது தின்பவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வடக்கே பேரண்ட்ஸ் கடலில் நார்வேயும் ரஷ்யாவும் 1984 முதல் காட் வயிற்றுத் தரவைக் கூட்டாகச் சேர்க்கின்றன. அங்கே கேப்லின் என்ற சிறு மீனைப் பிடிக்க அளவு குறிக்கும்போது, முட்டையிட வருமுன் காட் தின்னப்போகும் பங்கை முதலில் கழித்துவிடுகிறார்கள். மீனுக்கு உரிய பங்கை ஒதுக்கிவிட்டு மனிதன் எடுத்துக்கொள்ளும் அந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

மீன் வயிறு பொய் சொல்லாது, ஆனால் முழுதும் சொல்லவும் செய்யாது. கணவாயின் அலகும் மீனின் செவிக்கல்லும் நாள்கணக்கில் தங்கும். சொறிமீன் சீக்கிரமே கரைந்து அடையாளம் இல்லாமல் போகும். அதனால் சொறிமீனை யாரும் தின்பதில்லை என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். மரபணுவைப் படிக்கும் முறை வந்தபின் அந்த எண்ணம் மாறிவருகிறது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுத்தால் காற்றுப்பை உப்பி இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடும். தின்றதெல்லாம் கடலோடு போய்விடும். இழுவலைக்குள் மாட்டிய வேட்டை மீன் பக்கத்தில் மாட்டிய சிறு மீனைப் பதற்றத்தில் விழுங்கிவிடும். அதைக் கடலில் தின்றதாக எழுதினால் தவறு. தூண்டில் மீனிலோ வேறு கோணல். பசித்த மீன்தான் இரையைக் கவ்வும். ஆயிரங்கால் தூண்டிலானாலும் கைத்தூண்டிலானாலும், அதில் சிக்கிய மீன்களில் வெறும் வயிறு அதிகம் இருந்தால் கடலில் உணவு குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

இவ்வளவு எச்சரிக்கையோடு பார்த்தாலும் வியப்புக்குக் குறைவில்லை. 2009இல் மெக்சிகோ வளைகுடாவில் ஆய்வாளர்கள் அளவெடுக்கத் தூக்கிய ஒரு குட்டிப் புலிச்சுறா இறகுகளைக் கக்கியது. மார்கஸ் டிரைமனும் உடனிருந்தவர்களும் அதைக் கழுவித் தள்ளாமல் எடுத்துவைத்தார்கள். மரபணுச் சோதனை அது கடற்பறவை அல்ல, தரையில் வாழும் பாடும் பறவை என்றது. 2010 முதல் 2018 வரை 105 இளம் புலிச்சுறாக்களின் வயிற்றைச் சோதித்ததில் 41இல் பறவை எச்சம் இருந்தது. மொத்தம் 11 இனங்கள். தகைவிலான், புறா, மரங்கொத்தி வகை எல்லாம் உண்டு. கடற்பறவை ஒன்றுகூட இல்லை. இலையுதிர் காலத்தில் வளைகுடாவைக் கடந்து தெற்கே பறக்கும் பறவைகள் புயலிலும் களைப்பிலும் கடலில் விழுகின்றன. அங்கே சுறாக் குட்டிகள் இருக்கின்றன. பறவை ஆர்வலர்கள் கரையில் குறித்த வலசைத் தேதிகளோடு வயிற்றுத் தேதிகள் ஒத்துப்போயின. கூஜியில் கை கக்கியதும் புலிச்சுறாதான். எதையும் தின்னும் குப்பைத்தொட்டி என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இறகையும் குப்பை என்று தள்ளியிருந்தால் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. மலபார் மதராஸ் மாகாணத்தில் இருந்த காலத்தில், மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெலும் ராமசாமி நாயுடுவும் மத்தி மீனின் வாழ்க்கையையும் அது மேயும் மிதவை உயிர்களையும் ஆராய்ந்தார்கள். சில ஆண்டுகளில் கரையை அடைத்துக்கொண்டு வருகிற மத்தி சில ஆண்டுகளில் ஏன் வராமலே போகிறது என்பது அந்தக் கரையின் வயிற்றுப்பாட்டுக் கேள்வி. 1955இல் நாயரும் சுப்ரமணியனும் ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்ற ஒருசெல் பாசியை அடையாளம் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசி கடலில் பெருகும்போது மத்தியும் பெருகி வருகிறது என்பது அவர்கள் கண்டது. ஆங்கிலேயத் தூண்டில்காரர் நண்டைப் பார்த்து இரையை மாற்றியதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: மீன் எங்கே என்று தேடுவதற்கு முன் அதன் சாப்பாடு எங்கே என்று தேடுவது.

வயிற்றைத் திறந்தவர்கள் அடிக்கடி காண்பது வேறொன்று: ஈரலின் மேலும் குடலின் மேலும் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு. அனிசாகிஸ் என்பது அதன் பெயர். திமிங்கிலத்தின் வயிற்றில் முதிர்ந்து, அதன் கழிவோடு முட்டையாக வெளியேறி, சிற்றிறால் வழியாக மீனுக்கும் கணவாய்க்கும் வந்து, மீண்டும் திமிங்கிலத்தைச் சேரக் காத்திருக்கும் புழு அது. அதன் பாதையில் மனிதன் குறுக்கே வந்தால் கடும் வயிற்றுவலி. நெதர்லாந்தில் அரைகுறையாக உப்பிட்ட ஹெர்ரிங்கைத் தின்றவர்களிடம் 1960 வாக்கில் இது நோயாக இனங்காணப்பட்டது. 1968இல் அந்த மீனை உறையவைத்தே விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. மீன் செத்தபின் புழு குடலைவிட்டுச் சதைக்குள் நகரக்கூடும் என்பதால், பிடித்தவுடன் குடலை எடுத்துவிடுவது நல்லது. நன்றாக வேகவைத்தால் பயமில்லை. நம் குழம்பும் வறுவலும் அந்த வகையில் பாதுகாப்பானவை. பழைய, புதிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, 1978க்கும் 2015க்கும் இடையே உலகக் கடல்களில் இந்தப் புழு 283 மடங்கு பெருகியதாக 2020இல் எழுதியது. வேட்டை நின்றபின் திமிங்கிலங்கள் மீண்டுவருவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். புழுவைக் கண்டு முகம் சுளிக்கிறவர், தொலைவில் எங்கோ திமிங்கிலம் நலமாக இருக்கும் செய்தியையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிளாஸ்டிக்கை விட்டுவிட முடியாது. ஆனால் இங்கே எண்களைக் கவனமாகப் பிடிக்க வேண்டும். 2013இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று வடகடலில் 7 இனங்களைச் சேர்ந்த 1,203 மீன்களைப் பார்த்து, 2.6 சதவீதத்தில் பிளாஸ்டிக் கண்டது. இன்னொன்று இங்கிலாந்தின் பிளிமத் அருகே 504 மீன்களைப் பார்த்து, 36.5 சதவீதத்தில் கண்டது. வேறுபாட்டுக்குக் கடல்பகுதி ஒரு காரணம். முதல் ஆய்விலும் ஆங்கிலக் கால்வாயின் காட் மீன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிளாஸ்டிக் இருந்தது. மறு காரணம் எதை எண்ணினார்கள் என்பது. பிளிமத்தில் கிடைத்தவற்றில் பெரும்பங்கு இழைகள், அதிலும் பாதிக்கு மேல் ரேயான். ஆய்வகத்தின் காற்றிலும் ஆராய்கிறவரின் சட்டையிலும் இழை இருக்கிறது. அது மீனிலிருந்து வந்ததா மேலிருந்து விழுந்ததா என்று பிரிக்கத் தனிக் கட்டுப்பாடுகள் வேண்டும். நாம் தின்னும் மீன்களில் மூன்றில் ஒன்றில் பிளாஸ்டிக் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் இரைப்பையை நாம் பெரும்பாலும் எறிந்துவிடுகிறோம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது நேர்மை. எறிய முடியாமல் முழுசாகத் தின்னும் நெத்திலி, மத்தி போன்றவற்றின் கணக்கு வேறு. கவலைப்பட வேண்டிய இடம் அங்கே இருக்கிறது.

1991க்குப் பிறகு அந்த அளவில் இன்னொரு வயிற்றின் ஆண்டு வடகடலில் நடக்கவில்லை. செலவு ஒரு காரணம். பல ஆயிரம் இரைப்பைகளைப் பிளக்கப் பழகிய கண்களும் கைகளும் குறைந்துபோனது மற்றொன்று. இடையில் கடல் சூடேறியிருக்கிறது, தெற்கத்தி மீன்கள் வடக்கே போயிருக்கின்றன, காட் குறைந்திருக்கிறது. பழைய வயிறுகளை வைத்துக்கொண்டு இன்றைய கடலைக் கணக்கிடுவது எவ்வளவு தூரம் சரிவரும்? இதை உணர்ந்த லோஸ்டாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் பின்னெகர், நிலவறைகளில் கிடந்த பழைய குறிப்பேடுகளையும் அச்சு அறிக்கைகளையும் எடுத்துக் கணினியில் ஏற்றினார். 1837இலிருந்து தொடங்கும் அந்தத் தொகுப்பில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன் வயிறுகள் இருக்கின்றன, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எந்த ஆய்வகத்தையும்விட அதிகமான மீன்களை ஒவ்வொரு நாளும் பிளப்பவர்கள் தூண்டில்காரர்களும் மீனவர்களும் சந்தையில் மீன் வெட்டுகிறவர்களும்தான். அவர்கள் பார்ப்பதில் பெரும்பகுதி எழுத்தில் ஏறாமலே கழுவுநீரோடு போகிறது. மீனின் இனம், நீளம், பிடித்த நாள், இடம், எதைக் கொண்டு பிடித்தது, இரைப்பையில் என்ன இருந்தது. ஒரு மீனுக்கு ஒரு வரி போதும். தூண்டிலில் கோர்த்த இரையைக் கழித்துவிட வேண்டும். வயிறு வெறுமையாக இருந்தாலும் அதை ‘வெறும் வயிறு’ என்று எழுதியாக வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது அந்த வரியைத்தான். அது இல்லாவிட்டால் நிரம்பிய வயிறுகளின் எண்ணிக்கைக்கு எந்தப் பொருளும் இல்லை.